பின்கட்டு ஜன்னல்

ஏற்கெனவே பார்த்த படம் ஓடும்போது, நாற்காலியைத் திரைக்குப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துகொள்வது என் வழக்கம். காது வசனத்தில் இருக்கும், கண் ஜனங்கள் மேல் இருக்கும். திரை வெளிச்சம் விட்டுவிட்டு அடிக்கும்போது, தம்மை யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் முகங்கள் என்னென்னவோ செய்யும். வாய் பிளந்து கிடக்கும். புருவம் தானாக ஏறி இறங்கும். கதாநாயகி அழுதால் இங்கே உதடு கோணும். அநாகரிகமான பழக்கம்தான். ஆனால் அன்றைக்குப் போட்ட படம் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’. கால் உடைந்து நாற்காலியில் கிடக்கிற ஒருவன், பொழுது போகாமல் எதிர்வீட்டு ஜன்னல்களை நோட்டம் விடுகிற கதை. அதைப் பார்க்க வந்தவர்களை நான் நோட்டம் விட்டதற்கு யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

திருச்சியில் ஒரு நர்சரிப் பள்ளியின் மாடிக் கூடம். சுவர் முழுக்க ஆப்பிளும் மயிலும் யானையும். குழந்தைகளின் குட்டை பெஞ்சுகளை ஓரங்கட்டிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மாதம் ஒரு படம், ஞாயிறு சாயங்காலம், டிக்கெட் கிடையாது. வாசலில் இருக்கும் டப்பாவில் மனசிருந்தால் காசு போடலாம். முதல் வரிசையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். அவருக்குப் பின்னால் மூன்று கல்லூரிப் பையன்கள், அதில் ஒருவனுக்கு ஓயாமல் காலாட்டும் பழக்கம். நோட்டும் பேனாவுமாக ஒரு பெண், விஸ்காம் படிக்கிறவளாக இருக்கலாம். ஒரு புதுத் தம்பதி. மனைவி விரும்பி வந்திருக்கிறாள், கணவன் துணைக்கு வந்திருக்கிறான் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. கதவருகே குட்டை பெஞ்சில் சாவியக்கா. கூடத்தின் சாவி அவரிடம்தான். படம் முடிந்ததும் பூட்டிக்கொண்டு போகவேண்டியவர், மடியில் தட்டை வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

படம் 1954இல் வந்தது. ஆரம்பத்தில் சில நிமிடம் யாரும் வாயே திறப்பதில்லை. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ஒரு பின்முற்றம், சுற்றிலும் அடுக்கு வீடுகளின் பின்பக்கம். கேமரா நிதானமாக ஒரு சுற்று வருகிறது. தூங்குகிறவன் நெற்றியில் வேர்வை. பக்கத்தில் தெர்மாமீட்டர், 94 டிகிரி ஃபாரன்ஹீட். “இதுக்கே இந்த வேர்வையா!” என்றான் காலாட்டும் பையன். கூடமே சிரித்தது. 34 செல்சியஸ் என்பது திருச்சிக்காரர்களுக்கு மழை பெய்து ஓய்ந்த நாள். அப்புறம் மாவுக்கட்டுப் போட்ட கால், நொறுங்கிய கேமரா, சுவரில் ஒரு புகைப்படம்: பந்தயக் காரிலிருந்து கழன்ற சக்கரம் நேராக நம்மை நோக்கிப் பறந்துவருகிறது. அவன் யார், என்ன தொழில், கால் எப்படி உடைந்தது என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. அதற்கு ஒரு வார்த்தைகூடச் செலவாகவில்லை.

அந்த நேரத்தில் நான் கவனித்தது கண்களை. கல்யாண வீட்டுக்குள் அப்போதுதான் நுழைந்தவர்களின் கண்கள் மாதிரி எல்லாம் அலைந்துகொண்டிருந்தன. திரையில் ஒரே நேரத்தில் அத்தனை ஜன்னல்கள். ஒன்றில் காலைத் தூக்கி நடனம் பழகும் பெண். ஒன்றில் பியானோவோடு மல்லுக்கட்டும் இசையமைப்பாளர். கீழே, தனியாகவே வாழ்ந்து, வராத விருந்தாளிக்குத் தட்டு வைத்து மதுக்கோப்பையை உயர்த்தும் ஒரு பெண்மணி. புழுக்கம் தாங்காமல் இரும்புப் படிக்கட்டின் மேல் மெத்தை விரித்துப் படுக்கும் கணவன் மனைவி, அவர்கள் கூடையில் வைத்துக் கயிற்றால் இறக்கும் நாய்க்குட்டி. திரைச்சீலையை இழுத்துவிட்ட புதுமணத் தம்பதி. காதில் கருவி மாட்டிய சிற்பக்காரி. இவர்களுக்கு நடுவே, போலி நகை விற்கும் லார்ஸ் தோர்வால்டும் படுக்கையோடு கிடக்கும் அவன் மனைவியும். அப்போது அந்த ஜன்னலும் பத்தோடு பதினொன்றுதான். தலைமையாசிரியர் நடனக்காரியைப் பார்த்தார். புதுக் கணவனும் அவளைத்தான் பார்த்தான், மனைவி அவனைப் பார்த்தாள். நோட்டுப் பெண் எல்லாவற்றையும் பார்த்து எதையோ எழுதினாள்.

இந்த முற்றம் நிஜமல்ல. ஹாலிவுட்டில் பாரமவுன்ட் ஸ்டுடியோவின் ஒரு படப்பிடிப்புத் தளத்துக்குள் 31 வீடுகளோடு எழுப்பியது. உயரம் போதாமல் தளத்தின் தரையையே பெயர்த்து எடுத்தார்கள். படத்தில் நாம் பார்க்கும் முற்றத்துத் தரை உண்மையில் ஸ்டுடியோவின் நிலவறை. ஹிட்ச்காக் கதாநாயகன் வீட்டுப் பக்கமே இருந்துகொண்டு, எதிர்வீட்டு நடிகர்களின் காதில் தோல்நிறத்தில் ஒரு சின்னக் கருவியைச் செருகி, ரேடியோ வழியாக ‘எழு, உட்கார், திரும்பு’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவர்கள் பேசுவது நமக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டாலும் தெருச் சத்தத்தோடு கலந்து அரைகுறையாகத்தான். பின்னணி இசையும் தொடக்கத்தோடு சரி. மற்றதெல்லாம் யாரோ ஒருவர் வீட்டு ரேடியோ, எங்கோ கத்தும் கார் ஹாரன், பியானோவில் பாதியில் நிற்கும் மெட்டு.

இதனால் ஒரு காரியம் நடந்தது. சாவியக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அடியில் ஓடிய எழுத்தும் இங்கிலீஷ்தான். வேறு படமாக இருந்தால் அவர் தூங்கியிருப்பார், அல்லது கீரையோடு வெளியே போயிருப்பார். இந்தப் படத்தில் அவருக்கும் கதாநாயகன் ஜெஃப்ரீஸுக்கும் நிலைமை ஒன்றுதான். எதிர்வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அவனுக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. கை எப்படிப் போகிறது, யார் யாருக்கு முதுகைக் காட்டுகிறார்கள், சாப்பாட்டுத் தட்டை வைத்த வேகம் என்ன என்பதை வைத்து இருவருமே கணக்குப் போட்டாக வேண்டும். தோர்வால்ட் மனைவிக்குப் படுக்கையில் தட்டு கொண்டுவந்து வைக்கிறான். அவள் அதிலிருந்த பூவை எடுத்து எறிகிறாள். “இவளுக்கு இவன ஆகல” என்று சாவியக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சப்டைட்டில் படித்துக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பூவைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

பிறகு அந்த ராத்திரி. இருட்டில் எங்கோ கண்ணாடி உடைகிற சத்தம், ஒரு பெண்ணின் அலறல், கொஞ்சத்தில் மழை. இரும்புப் படிக்கட்டுத் தம்பதி மெத்தையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓட, கூடத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தோர்வால்ட் தன் நகை மாதிரிகள் வைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போகிறான். வருகிறான். மறுபடி போகிறான். அந்த ராத்திரி மூன்று தடவை. காலாட்டும் பையனின் கால் இரண்டாவது தடவை நின்றது. நின்றது அவனுக்கே தெரியாது.

விடியற்காலையில் ஹிட்ச்காக் ஒரு வேலை செய்வார். ஜெஃப்ரீஸ் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறான். கேமரா தூங்குவதில்லை. கறுப்பு உடையில் ஒரு பெண்ணோடு தோர்வால்ட் வீட்டை விட்டு வெளியேறுவதை நாம் பார்க்கிறோம், அவன் பார்க்கவில்லை. “ஐயோ, தூங்கிட்டானே!” என்று புது மனைவி கணவன் தொடையில் தட்டினாள். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது ரசிகனுக்கு மட்டும் தெரிந்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்து அரட்டையடிப்பவர்களுக்குத் தெரியாவிட்டால் அதுதான் சஸ்பென்ஸ், சும்மா வெடித்தால் அது சில நொடி அதிர்ச்சி என்று ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் விளக்கியது பிரசித்தம். இந்தக் காட்சியில் அவர் வைத்த குண்டு இன்னும் விஷமமானது. வெளியே போன பெண் மனைவிதான் என்றால் கொலையே இல்லை. நமக்குக் கூடுதலாகத் தெரிந்த அந்த ஒரு விஷயம் நம் சந்தேகத்துக்கே எதிராக நிற்கிறது. ஆனால் கூடத்தில் யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ‘சரி, கொலை இல்லை போல’ என்று ஒரு முகமும் தளரவில்லை. அவன் தூங்கிவிட்டான் என்ற பதைப்பு மட்டும்தான்.

கதாநாயகி லிசாவாக கிரேஸ் கெல்லி. உயர்தர உடைகளில் வந்து, விலையுயர்ந்த உணவகத்திலிருந்து சாப்பாடு தருவித்து, முத்தமும் கொடுத்து, அவன் பார்வையைத் தன் பக்கம் திருப்பப் படாத பாடு படுகிறாள். ஜெஃப்ரீஸாக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டோ அவளை மடியில் வைத்துக்கொண்டே எதிர்வீட்டுப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறான். இது நோய் என்று முதலில் கண்டிக்கிறவள் அவள்தான். கண்டித்துக்கொண்டிருக்கும்போதே, எதிரே தோர்வால்ட் ஒரு பெரிய டிரங்குப் பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது அவள் கண்ணில் படுகிறது. கெல்லி அதிகம் நடிப்பதில்லை. முகத்தில் ஏதோ ஒன்று இறங்கி நிற்கிறது, அவ்வளவுதான். பிறகு, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்லு என்கிறாள். நோட்டுப் பெண்ணின் பேனா அங்கே நின்றது. அதுவரை இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். மூடி போடாத பேனா முனை நோட்டின் மேல் பட்டு மைப்புள்ளி பெரிதாகிக்கொண்டிருந்தது.

துப்பறியும் நண்பன் டாயில் வந்து விசாரித்துச் சொல்கிறான்: தோர்வால்ட் தன் மனைவியை ரயில் ஏற்றிவிட்டிருக்கிறான், வெளியூரில் போய் இறங்கிய டிரங்குப் பெட்டியையும் அவளே வாங்கிக்கொண்டாளாம், உள்ளே துணிமணிதான். முடிந்தது கதை. ஒரு பெண் உயிரோடு இருக்கிறாள் என்ற செய்தி அது. கூடத்தில் எழுந்தது பெருமூச்சு. நிம்மதிப் பெருமூச்சல்ல, வாங்கிய பட்டாசு நமுத்துப்போனால் வருகிற ரகம். அதே ஏமாற்றம் ஜெஃப்ரீஸ் முகத்திலும் லிசா முகத்திலும். படம் இதை நன்றாகவே தெரிந்துவைத்திருக்கிறது. ஒரு மனைவி சாகவில்லை என்று கேட்டு இப்படிச் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறோமே என்று லிசாவே இருவரையும் சேர்த்துக் குத்துகிறாள். குத்திவிட்டுத் திரைச்சீலைகளை இறக்கிவிடுகிறாள். அந்தக் குத்து தனக்குத்தான் என்று யாராவது நெளிகிறார்களா என்று பார்த்தேன். தலைமையாசிரியர் மட்டும் தொண்டையைச் செருமினார். அது சளியாகவும் இருக்கலாம்.

அந்த இடத்தில் கரண்ட் போயிற்று. “அட!” என்று எல்லாரும் ஒருமிக்க. புரொஜெக்டர் தம்பி செல்போன் வெளிச்சத்தில் எதையோ தேட, பத்து நிமிஷம் இருட்டு. தலைமையாசிரியர் இருட்டையே வகுப்பறையாக்கினார். இதே 1954இல்தான் நம்மூரில் எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ எடுத்தார், பாட்டே இல்லாமல், சிவாஜியைப் படம் தொடங்கியவுடனே சுட்டுச் சாகடித்துவிட்டு என்றார். பையன்களுக்கு நம்பிக்கை வரவில்லை. “பாட்டே இல்லாமலா சார்?” என்றான் ஒருவன். “பாட்டு மட்டுமா? ஒரு டான்ஸ் கிடையாது, ஒரு சண்டை கிடையாது” என்றார் அவர், தானே எடுத்த மாதிரி.

எனக்கு அந்த இருட்டில் கார்னெல் வூல்ரிச்சின் நினைப்பு. ‘ரியர் விண்டோ’வின் மூலக்கதையை எழுதியவர். 1942 பிப்ரவரியில் ‘டைம் டிடெக்டிவ்’ என்ற மலிவுவிலைப் பத்திரிகையில் அது வந்தது. அதில் லிசா கிடையாது, காதல் கிடையாது, நடனக்காரியும் கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒருவன், உதவிக்கு ஒரு வேலையாள், எதிரே ஒரு கொலைகாரன். அவன் ஏன் எழுந்து நடமாடுவதில்லை என்பதைக்கூட வூல்ரிச் சொல்லாமல் வைத்திருந்து, கதை முடிகிற இடத்தில்தான் காலிலிருந்த கட்டை அவிழ்க்க டாக்டரை வரவழைக்கிறார். படத்தில் முதல் காட்சியிலேயே கட்டைக் காட்டிவிடுகிறார்கள். எனக்குக் கதையின் வழிதான் பிடிக்கும். எழுந்து போக முடியாததால் பார்க்கிறானா, பார்ப்பதற்காகவே உட்கார்ந்திருக்கிறானா என்ற ஐயம் அதில் கடைசிவரை நிற்கிறது.

வூல்ரிச்சே ஏறக்குறைய அப்படித்தான் வாழ்ந்தார். நியூயார்க்கில் ஓட்டல் அறைகளில், தாயாரோடு. மேன்ஹாட்டனின் ஓட்டல் மார்சேய்ஸில் மட்டும் எத்தனையோ வருஷம். எழுதிக் குவித்தார், மூன்று பெயர்களில். 1957இல் தாயார் இறந்த பிறகு குடியும் தனிமையுமே மிச்சம். காலைக் கடித்த செருப்புப் புண்ணைக் கவனிக்காமல் விட்டு, அது அழுகி, காலையே எடுக்க வேண்டியதாயிற்று. 1968இல், ஓட்டல் அறையில் சக்கர நாற்காலியோடு நாட்களைக் கழித்து, இறந்துபோனார். சொத்தை எல்லாம் தாயார் பெயரில் உதவித்தொகை வைக்கச் சொல்லிக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். ஜன்னலோர நாற்காலியில் முடங்கியவனைக் கற்பனை செய்து 26 வருஷம் கழித்து அவரே அந்த நாற்காலியில் உட்கார்ந்தது தற்செயல்தான். அதில் விதியைத் தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும். எனக்கு உறுத்துவது வேறு கணக்கு. அந்தக் கதையையும் சேர்த்து ஆறு கதைகளின் பட உரிமையை அவர் 9,250 டாலருக்கு விற்றிருந்தார். அந்த உரிமை கைமாறிக் கைமாறி, ஸ்டூவர்ட்டும் ஹிட்ச்காக்கும் சேர்ந்து வைத்திருந்த நிறுவனம் இந்த ஒரு கதைக்கு 10,000 டாலர் கொடுத்து வாங்கியது. பிற்பாடு வழக்கு நடந்து, 1990இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், கதையின் உரிமை வைத்திருந்தவர் பக்கம் தீர்ப்பானது. வூல்ரிச் செத்து 22 வருஷம் ஆகியிருந்தது.

இன்னொருவரும் நினைவுக்கு வந்தார்: பட்ரீஷியா ஹைஸ்மித். அவருடைய முதல் நாவலைத்தான் ஹிட்ச்காக் 1951இல் ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெய்ன்’ என்று படமாக்கினார். 1962இல் ஹைஸ்மித் எழுதிய ‘தி க்ரை ஆஃப் தி அவ்ல்’ நாவலில் ஒருவன் இருட்டில் மரத்தடியில் நின்று, ஒரு பெண் அடுப்படியில் சமைப்பதை ராத்திரிதோறும் பார்க்கிறான். கெட்ட எண்ணம் இல்லை. அவள் நிம்மதியாகச் சமைப்பதைப் பார்த்தால் தன் மனசும் ஆறுகிறது, அவ்வளவுதான். ஒருநாள் அவள் பார்த்துவிடுகிறாள். கத்தவில்லை. உள்ளே கூப்பிடுகிறாள். அங்கிருந்து பித்து இடம் மாறி அவளைப் பிடித்துக்கொள்கிறது. ஹிட்ச்காக் இதைப் படமாக்கியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று நான் சில சமயம் யோசித்ததுண்டு. எடுத்திருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது. பார்க்கப்படுகிறவள் கதவைத் திறந்து ‘வா’ என்று கூப்பிட்டுவிட்டால் அவருடைய கேமராவுக்கு நிற்க இடமில்லை.

கரண்ட் வந்தது. இறக்கிய திரைச்சீலைக்கு அப்பாலிருந்து ஓர் அலறல். படிக்கட்டுத் தம்பதியின் நாய்க்குட்டி கழுத்து முறிந்து முற்றத்தில் கிடக்கிறது. தோர்வால்டின் பூச்செடிப் பாத்தியைத் தோண்டிக்கொண்டே இருந்த நாய். அதுவரை ஜெஃப்ரீஸ் வீட்டை விட்டு நகராத கேமரா இங்கே முற்றத்துக்குள் இறங்கிவிடுகிறது. அக்கம்பக்கத்தார் என்றால் ஒருவருக்கொருவர் அன்பாக இருக்க வேண்டாமா, செத்தோமா பிழைத்தோமா என்று கேட்க வேண்டாமா என்று மாடியிலிருந்து அந்த அம்மாள் அழுதுகொண்டே கத்துகிறாள். எல்லா ஜன்னலிலும் தலைகள். ஒன்றில் மட்டும் விளக்கு இல்லை. அந்த இருட்டுக்குள் சிகரெட் முனை சிவந்து சிவந்து அடங்குகிறது. “அவன்தான்!” என்றார்கள் இரண்டு மூன்று பேர். முன்னே விழுந்த முகங்களில் களை திரும்பிவிட்டது. அந்த அம்மாள் கத்தியதன் அர்த்தம் யார் காதிலும் ஏறவில்லை. கொலை கைக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது, அது போதும்.

இனிமேல்தான் நான் காத்திருந்த இடம். லிசா இரும்பு ஏணி வழியே ஏறி, ஜன்னலைத் தாண்டித் தோர்வால்ட் வீட்டுக்குள் குதித்துவிட்டாள். அவன் வெளியே போயிருக்கிறான், எந்த நேரமும் திரும்பலாம். அதே நேரத்தில், கீழ்வீட்டுத் தனிப் பெண்மணி மேசையில் தூக்க மாத்திரைகளைக் கொட்டி, கடிதம் எழுதி, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டும் ஒரே சட்டகத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக. நர்ஸ் ஸ்டெல்லா அதைப் பார்த்துப் பதறுகிறாள். ஜெஃப்ரீஸ் போலீஸுக்குப் போன் போடுகிறான், மேலே லிசாவைப் பார்த்தாக வேண்டிய நேரத்தில் கண் கீழே போய்விடுகிறது. கூடத்தில் கேட்டது “ச்ச!” காலாட்டும் பையன், புது மனைவி, தலைமையாசிரியர்கூட. அந்தப் பெண்மணி இந்த நேரத்திலா சாக வேண்டும் என்ற எரிச்சல். படத்தின் முற்பகுதியில் அவள் வராத விருந்தாளிக்குக் கோப்பையை உயர்த்தியபோது இதே முகங்கள் இளகி நின்றதை நான் பார்த்திருந்தேன்.

அலைந்துகொண்டிருந்த கண்களெல்லாம் இப்போது திரையில் ஒரே இடத்தில் குத்திட்டிருந்தன. இடது மேல் மூலையில் யாரோ விளக்கு போட்டார்கள், யாரும் திரும்பவில்லை. நடனக்காரி இருக்கிறாளா இல்லையா என்று கேட்டால் புதுக் கணவனுக்கே தெரிந்திருக்காது. பித்துப் பிடித்தவன் அதிகமாகப் பார்க்கிறான் என்று பொதுவாகச் சொல்கிறோம். கூடத்தில் நான் பார்த்தது அதுவல்ல. 31 வீடுகளில் 30ஐ ஒவ்வொன்றாக அணைத்துவிட்டார்கள். ஹிட்ச்காக் அணைக்கவில்லை, அவர் கடைசிவரை எல்லா ஜன்னலிலும் விளக்கெரிய வைத்திருந்தார். நான்கு வருஷம் கழித்து ‘வெர்டிகோ’வில் இதே ஸ்டூவர்ட்டைக் கொண்டு, உயிரோடு எதிரே நிற்கும் பெண்ணைப் பார்க்காமல் செத்தவளின் கொண்டையை அவள் தலையில் தேடுகிறவனாக நடிக்க வைத்தார். அந்தப் படத்தின் ஸ்காட்டியை மனநோயாளி என்கிறோம். இந்தப் படத்தின் ஜெஃப்ரீஸைக் கெட்டிக்காரன் என்கிறோம், அவன் நினைத்தது நடந்திருந்தது என்ற ஒரே காரணத்துக்காக.

பியானோக்காரர் ஒருவழியாக மெட்டை முடித்து வாசிக்க, மாத்திரையைக் கையில் எடுத்தவள் அதைக் கேட்டு நின்றுவிடுகிறாள். மேலே தோர்வால்ட் வந்துவிட்டான். லிசாவின் கையைப் பிடித்து முறுக்குகிறான், விளக்கு அணைகிறது. போலீஸ் வருகிறது. திருட வந்தவள் என்று அவளைப் பிடித்து நிறுத்தியிருக்கும்போது, முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோய், விரலில் மாட்டிய மோதிரத்தை இந்தப் பக்கம் காட்டுகிறாள். செத்தவளின் கல்யாண மோதிரம். ஜெஃப்ரீஸ் பெரிய லென்ஸ் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருக்க, தோர்வால்ட் முதலில் அவள் விரலைப் பார்க்கிறான். அப்புறம் அவள் யாருக்குக் காட்டுகிறாள் என்று கண்ணைத் தூக்குகிறான். லென்ஸுக்குள் நேராக. நம்மை நேராக.

பக்கவாட்டிலிருந்து பார்த்தால்தான் தெரியும். மொத்தக் கூடமும் ஒரு விரற்கடை பின்னால் போயிற்று. பிளாஸ்டிக் நாற்காலிகள் கிறீச்சிட்டன. நோட்டுப் பெண் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். புது மனைவி, யாரும் சொல்லாமலே, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். சாவியக்காவின் விரல்கள் காம்பிலேயே நின்றிருந்தன.

தோர்வால்டாக நடித்த ரேமண்ட் பர்ருக்கு ஹிட்ச்காக் நரைத்த முடியும் கண்ணாடியும் வைத்தது, தன்னைப் பல வருஷம் ஆட்டிவைத்த தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் போலத் தெரியட்டும் என்றுதான் என்று ஒரு பேச்சு உண்டு. குறும்பு. ஆனால் பர் இருட்டில் ஜெஃப்ரீஸின் அறைக்குள் வந்து நின்று, என்னிடமிருந்து உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்கும்போது குரலில் மிரட்டல் இல்லை, மன்றாடல் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு ஜெஃப்ரீஸிடம் பதில் இல்லை. கேமராவின் ஃப்ளாஷ் பல்பை ஒவ்வொன்றாக வெடித்து அவன் கண்ணைக் கூசவைப்பதுதான் பதில். கால் முடங்கியவன் கைக்கு அகப்பட்டதை வைத்துச் சமாளிப்பது பழைய வித்தை. எச். ஜி. வெல்ஸின் 1894ஆம் வருஷத்துக் கதை ஒன்றில், காலில் கட்டோடு தேம்ஸ் நதியை ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பவன், ஏறி உள்ளே வருகிறவன் மேல் மருந்துப் புட்டிகளை வீசுவான். ஃப்ளாஷ் பல்பு அதைவிடப் பொருத்தம். பார்த்தே பிழைத்தவன் கடைசியில் எதிராளியைப் பார்க்கவிடாமல் செய்து தப்பிக்கிறான்.

மிச்சம் தெரிந்ததுதான். ஜன்னலிலிருந்து விழுகிறான், இரண்டு காலிலும் கட்டு. தெர்மாமீட்டர் இறங்கியிருக்கிறது. தனிப் பெண்மணி இசையமைப்பாளர் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறாள். நாய் போனவர்களுக்குப் புது நாய்க்குட்டி. திரைச்சீலை போட்டுக்கொண்டிருந்த புதுமணத் தம்பதி சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் புதுத் தம்பதி அதற்கு ஏன் அவ்வளவு சத்தமாகச் சிரித்தார்கள் என்று தெரியவில்லை.

விளக்கு போட்டதும் படிக்கட்டில் வாக்குவாதம். பூச்செடிப் பாத்தியில் புதைத்திருந்தது என்ன? லிசாவும் ஸ்டெல்லாவும் தோண்டியபோது ஒன்றுமில்லையே? கடைசியில் போலீஸ்காரர் ஓடுகிற ஓட்டத்தில் ஒரு வரி சொல்லிவிட்டுப் போவார். நாய் மோப்பம் பிடித்ததால் தோர்வால்ட் அதைத் தோண்டி எடுத்துத் தொப்பிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறான் என்று. எதை என்று சொல்ல மாட்டார். நகைப் பெட்டிதான் என்றான் காலாட்டும் பையன். ரம்பமும் கத்தியும் என்றாள் நோட்டுப் பெண், நோட்டைப் புரட்டி. தலைமையாசிரியர் சப்டைட்டிலைத் தவறவிட்டதை ஒப்புக்கொள்ளாமல், அது ரசிகனின் ஊகத்துக்கு விடப்பட்டது என்றார்.

சாவியக்கா பூட்டை மாட்டிக்கொண்டே கேட்டார். “என்னா தம்பி, எதுக்குச் சண்டை?”

“அந்தச் செடிக்குக் கீழ என்னா வச்சிருந்தான்னு பேசிட்டு இருக்கோம்க்கா.”

“மழையில மூணு தடவ பொட்டியத் தூக்கிட்டுப் போனான்ல, கையி காலெல்லாம் அதுல போயிருச்சு. தலைய எங்க கொண்டு போவான்? பாத்தா ஊருக்கே அடையாளம் தெரிஞ்சிருமே. அதான் வீட்டோட வச்சிருந்தான். நவுருங்க, எனக்குப் பஸ்ஸு போயிரும்.”